தலையாட்டினது ஆத்தா இல்ல, நான்தான்

1

இதுவரைக்கும் ஈப்போவிலேர்ந்து அறந்தாங்கியில இருக்கிற உங்களுக்கு நான் எழுதி அனுப்பினதெல்லாம் குகைக் கோயில், சுண்ணாம்பு மலை, சாயந்திர மழைன்னு நல்ல விஷயமாவே இருந்துச்சு. படிச்சுட்டு நீங்க "மீனா குடுத்து வச்சவ"ன்னு பேசிக்கிறதா அம்மா போன்ல சொல்லுவாங்க. இந்தத் தடவை எழுதப்போறது அந்த மாதிரி இல்ல. எழுதவே கூசுது. ஆனாலும் ஒரே மூச்சுல எழுதிடுறேன். நாளைக்குன்னு தள்ளினா, நான் பாதியில போட்டுட்டு மறந்த நூறு வேலையோட இதுவும் சேர்ந்துடும்.

ரெண்டு மாசம் முந்தி விசா புதுப்பிக்கப் போயிருந்தேன். இங்க வாக்கப்பட்டு வந்து பதினாறு வருசம் ஆச்சு. இந்த ஊர்க்காரரைக் கட்டிக்கிட்டு, இந்த ஊர்லயே பிள்ளை பெத்து வளர்த்தாலும், நான் இன்னமும் இந்திய பாஸ்போர்ட்காரிதான். தவணைக்குத் தவணை கவுண்டர்ல போய் நிக்கணும். துணைக்கு என் மக தர்ஷினி வந்தா. பதினஞ்சு வயசு. போன தடவை ஃபைலை வீட்டு மேசையிலேயே வச்சுட்டு வெறும் பையோட போய் நின்னவ நான், அதனால இப்போ ஃபைல் அவ கையில.

கவுண்டர்ல இருந்த ஆபீசர் நல்ல மனுசன். மலாய்ல ஏதோ கேட்டார். எனக்கு மலாய் தெரியும், பசார்ல சண்டையே போடுவேன். ஆனா அந்த நேரம் தலைக்கு மேல டியூப்லைட் ஒண்ணு ரீங்காரம் போட்டுட்டு இருந்துச்சு. பின்னாடி ஒரு குழந்தை பிளாஸ்டிக் நாற்காலியைத் தட்டிக்கிட்டே இருந்துச்சு. அவர் வாய் அசையுறது தெரிஞ்சுச்சு, கேள்வி முடிஞ்சதும் தெரிஞ்சுச்சு. சிரிச்சுக்கிட்டே தலையாட்டினேன். எழுதிக்கிட்டார். திரும்பவும் ஏதோ கேட்டார். திரும்பவும் ஆட்டினேன். மூணாவதா அவர் என்னவோ பேப்பர் கேட்டு கையை நீட்டினப்போ தர்ஷினி என் முழங்கையைக் கிள்ளினா.

"அம்மா! பாஸ்போர்ட் எப்பவாச்சும் தொலஞ்சிருக்கான்னு கேட்டாருலா. ஆமான்னீங்க. ரெண்டு தடவையான்னு கேட்டாரு. அதுக்கும் ஆமான்னீங்க. இப்ப போலீஸ் ரிப்போர்ட் கேக்குறாரு."

பதினாறு வருசத்துல நான் ஒரு பாஸ்போர்ட்டையும் தொலைச்சதில்ல. அவ பேசிச் சரிபண்ணினா. ஆபீசர் சிரிச்சுக்கிட்டே எழுதினதை அடிச்சார். படியில இறங்கும்போது அவ கேட்டா: "காதுல விழலன்னா விழலன்னு சொல்ல வேண்டியதுதானே? ஏம்மா மண்டைய மண்டைய ஆட்டுறீங்க? ஒருநாள் பெரிய சூசா ஆயிடப்போகுது."

சூசான்னா இங்க தொல்லை. அது ஏற்கனவே ஆகி ரெண்டு வருசம். அவளுக்குப் பாதிதான் தெரியும். நான் கைப்பையில பஸ் காசு தேடுற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

2

தலையாட்ட நான் அறந்தாங்கியிலேயே கத்துக்கிட்டேன். உங்கள்ல சிலருக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூட மணி அடிச்சா காதைப் பொத்திக்கிட்டு மேசைக்கு அடியில போற பொண்ணு. பஸ் ஸ்டாண்டுல எந்த வண்டி எத்தனை மணிக்குன்னு வரிசையா ஒப்பிக்கிறவ, ஆனா சொந்தச் செருப்பை எங்க விட்டான்னு தெரியாதவ. அம்மா ஒண்ணுக்கு மூணு தடவை சொல்லி அனுப்பியும் உப்பு வாங்கப் போய் சோப்போட வந்தவ. "அவ ஒரு மாதிரி"ன்னு சொல்லுவாங்க. என்ன மாதிரின்னு யாரும் சொன்னதில்ல.

வாத்தியார் "புரியுதா?"ன்னு கேட்டு, இல்லன்னு சொன்னா இன்னும் அஞ்சு நிமிசம் திட்டு. ஆமான்னு ஆட்டினா விட்டுடுவார். இது நான் ஏழு வயசுல கண்டுபிடிச்ச வழி. அதுலேர்ந்து பொண்ணு பாக்க வந்தவங்க கேள்விக்கு, டாக்டர் கேள்விக்கு, பஸ்ல பக்கத்து சீட்டு அம்மா பேச்சுக்கு, எல்லாத்துக்கும் அதே மருந்து. ஆட்டினா கூட்டம் கலையும், சத்தம் குறையும்.

இங்க வந்ததும் எனக்கு நல்ல மறைப்பு ஒண்ணு கிடைச்சுச்சு. பேச்சுக்குப் பேச்சு 'லா' சேர்க்கிற இங்குள்ள தமிழங்க நம்மளை "ஊர்க்காரங்க"ன்னு சொல்லுவாங்க. விருந்துல எல்லாரும் சிரிக்கும்போது நான் மட்டும் முழிச்சா, "ஊர்க்காரப் பொண்ணுலா, நம்ம பேச்சு இன்னும் பிடிபடல"ன்னு விட்டுடுவாங்க. கல்யாண வீட்டுல பாதியில எழுந்து கார் பக்கம் போய் நின்னா, "ஊர் ஞாபகம் வந்துடுச்சு போல, பாவம்". அடுப்புல சோத்தை வச்சுட்டுத் துணி மடிக்கப் போய், துணியை விட்டுட்டு அலமாரி அடுக்கப் போய், சோறு தீஞ்சு புகை வந்தா, "அங்க விறகடுப்பு, இங்க கேஸ், பழகணும்ல". எங்க வீட்டுல நான் பள்ளிக்கூடம் போறப்பவே கேஸ் அடுப்புதான். நான் மறுத்துச் சொன்னதே இல்ல. அறந்தாங்கியில "ஒரு மாதிரி"யா இருந்தவளை ஈப்போவுல "வெளியூர்க்காரி" ஆக்கிட்டாங்க, எனக்கு அது எவ்வளவோ மேல்.

அப்படிச் சொல்லிச் சொல்லி என்னைக் காப்பாத்தினவங்கள்ல முதல் ஆள் சரோஜா அக்கா. என் வீட்டுக்காரர் செல்வத்தோட பெரியம்மா மக. சித்தியவான்ல ஒரு பள்ளிக்கூடக் கேண்டீன்ல சமையல் வேலை பாத்தவங்க, புருசன் இல்ல, ஒரே மகன் சிங்கப்பூர்ல. முறைக்கு எனக்கு நாத்தனார். "அண்ணின்னு கூப்பிட்டா வயசான மாதிரி இருக்குலா, அக்கான்னே கூப்பிடு"ன்னு நான் வந்திறங்கின அன்னைக்கே சொன்னாங்க. என்னைப் பத்தி யாராவது வாயெடுத்தா, "அவ எங்க வீட்டுப் பொண்ணு, ஒன் வேலையப் பாரு"ன்னு முகத்துக்கு நேரா சொல்லுவாங்க. அவங்ககிட்டதான் நான் இந்தக் காரியம் பண்ணினேன்.

3

செல்வம் பொறந்தது ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல. இப்போ அங்க ரப்பர் ஒரு மரம் கிடையாது, எல்லாம் பாமாயில் எடுக்கற செம்பனை. குடியிருந்த லய வீடுகளையும் இடிச்சாச்சு. மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவுல நிக்குது. வருசத்துக்கு ஒருநாள் திருவிழா. ஈப்போ, லகாட், சித்தியவான்னு பிரிஞ்சு போனவங்க எல்லாம் கார் கட்டிக்கிட்டு வந்துடுவாங்க. சாயந்திரம் உறுமி மேளம் இருக்கும். உறுமின்னா நம்ம ஊர்ல ஒண்ணு ரெண்டு கேட்டிருப்பீங்க. இங்க பதினஞ்சு இருபது இளவட்டங்க ஒரே மாதிரி சட்டை போட்டு வட்டமா நின்னு அடிப்பாங்க. நெஞ்செலும்பு அதிரும்.

ஒவ்வொரு வருசமும் மேளம் ஆரம்பிக்கறதுக்கு முந்தி நான் சமையல் கொட்டகைக்கு நழுவிடுவேன். ரெண்டு வருசம் முந்தி நழுவ முடியல. செல்வம் குடும்பத்து உபயம் அந்த வருசம், நான் முன்வரிசையில தட்டோட நிக்கணும். புதுப்பட்டு கழுத்துல அறுத்துச்சு. வேப்பிலைப் புகை. ஒலிபெருக்கியில பாட்டு ஒரு பக்கம், உறுமி ஒரு பக்கம். நான் தரையில பதிச்சிருந்த ஓடுகளை எண்ணிக்கிட்டே தாங்கிப் பாத்தேன். முப்பத்தி நாலு வரைக்கும் எண்ணினது ஞாபகம் இருக்கு.

அப்புறம் தட்டு கீழ விழுந்துச்சு. நான் காதைப் பொத்திக்கிட்டு குந்தி உக்காந்து முன்னும் பின்னும் ஆடினேன். கத்தினேன். கொண்டை அவிழ்ந்துடுச்சு. என் உடம்பு என் பேச்சைக் கேக்கல.

"ஆத்தா வந்துட்டாடி! செல்வம் பொண்டாட்டி மேல ஆத்தா இறங்கிட்டா!"

யாரோ ஒரு பொம்பளைதான் முதல்ல சொன்னாங்க. உடனே குலவை. மஞ்சத் தண்ணியை எடுத்துத் தலையில ஊத்தினாங்க. நெத்தியில திருநீறை அறைஞ்ச மாதிரி பூசினாங்க. இங்க ஒரு வழக்கம் இருக்கு. சாமி வந்தவங்களைச் சுத்தி மேளக்காரங்க இன்னும் நெருங்கி வந்து அடிப்பாங்க, சாமி நல்லா நின்னு ஆடணும்னு. நான் கத்தக் கத்தக் கிட்ட வந்தாங்க. நான் ஆட ஆட வேகமா அடிச்சாங்க.

திடீர்னு யாரோ கையைக் காட்ட, மேளம் நின்னுச்சு. வாக்கு கேக்கற நேரம். சரோஜா அக்கா என் ரெண்டு பாதத்தையும் புடிச்சிருந்தாங்க. அழுதுட்டு இருந்தாங்க.

"தாயே, கண்ணுல அழுத்தம்னு சொல்றாங்க. கத்தி வச்சாத்தான் பார்வ நிக்கும்னு டாக்டர் சொல்றாரு. எனக்குக் கத்தின்னா பயம் தாயே. நீ கயிறு கட்டிக் குடு. கத்தி இல்லாம நல்லாயிடும்ல?"

கேள்வி எனக்குக் கேட்டுச்சு. இதை மறைக்கப்போறதில்ல. கவுண்டர்ல காதுல விழலன்னு சொல்லலாம், அன்னைக்கு விழுந்துச்சு. ஆனா பதில் சொல்லலேன்னா மேளம் திரும்ப ஆரம்பிக்கும்னுதான் என் புத்தியில ஓடுச்சு. தலையாட்டினேன்.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா!"ன்னு சத்தம் போட்டாங்க. அக்கா கையில மஞ்சக் கயிறு கட்டினாங்க. என்னைத் தூக்கிட்டுப் போய் கார்ல படுக்க வச்சாங்க. செல்வம் ஏர்கானைப் போட்டுட்டு, ஐஸ் தண்ணிப் போத்தலை என் கழுத்துல வச்சுக்கிட்டே மெதுவாக் கேட்டார். "மீனா, உனக்கு ஊர்ல இருக்கும்போதே சாமி வருமா?"

அதுக்கும் தலையாட்டினேன்.

4

என் நிலைமைக்குப் பேர் வந்தது அடுத்த வருசம்தான். அதையும் கொண்டு வந்தவ தர்ஷினி. அவ பள்ளிக்கூடத்து சிநேகிதி ஒருத்திக்கு இருக்குன்னு போன்ல எதையோ படிச்சுட்டு இருந்தவ, நிமிர்ந்து என்னைப் பாத்தா. நான் காம்புகளை எண்ணிக்கிட்டே கறிவேப்பிலை ஆஞ்சுக்கிட்டு இருந்தேன். "அம்மா, இது அப்படியே நீங்கதான்"ன்னா.

ஈப்போவுல ஒரு சீன டாக்டரம்மாகிட்ட மூணு தடவை உக்காந்து பேசினேன். சின்ன வயசுலேர்ந்து கேட்டாங்க. முதல் ரெண்டு தடவை எல்லாத்துக்கும் தலையாட்டிட்டே இருந்தேன். மூணாவது தடவை அவங்க பேனாவைக் கீழ வச்சுட்டு, "நீ எனக்குப் புடிச்ச பதிலைச் சொல்ற. உன் பதிலைச் சொல்லு"ன்னாங்க. அப்போ அழுதேன். ஆட்டிசம், ஏ.டி.எச்.டி., ரெண்டும் சேர்ந்து இருக்குன்னு எழுதிக் குடுத்தாங்க. எனக்குள்ள ஒருத்திக்கு எல்லாம் வரிசையா, சொன்ன நேரத்துல, சொன்ன மாதிரி நடக்கணும். அவ கூடவே குடியிருக்கிற இன்னொருத்தி அந்த வரிசையை நாள் பூரா கலைச்சுட்டே இருக்கா. நான் வேலை பாக்கற அச்சகத்துல தமிழ்க் கல்யாணப் பத்திரிகை அத்தனையும் என் கண்ணைத் தாண்டித்தான் போகும். ஒரு ஒற்று விட்டுப் போகாது. ஆனா அச்சான பத்திரிகையைக் கல்யாண வீட்டுக்குக் குடுக்கணும்னு முதலாளி மூணு தடவை ஞாபகப்படுத்தணும். இப்போ ஏன்னு தெரிஞ்சுச்சு.

வயசு நாப்பத்தி ஒண்ணு. ஆறுதலா இருந்துச்சான்னு கேப்பீங்க. தர்ஷினிக்கு இருந்துச்சு. அவளுக்கு இது கண்ணாடி போட்டிருக்கிற மாதிரி ஒரு விஷயம். என்னைக் கேக்காமலே அவ சிநேகிதிங்ககிட்ட இங்கிலீஷ்ல சொல்லிட்டா. "எங்கம்மா ஆட்டிஸ்டிக்"னு அவ சொன்னது சமையக்கட்டு வரைக்கும் கேட்டுச்சு. நான் கரண்டியைத் தூக்கி எறிஞ்சேன். "இதுல வெக்கப்பட என்ன இருக்கு? ஏன்மா இப்படி?"ன்னா. கதவைச் சாத்திக்கிட்டா. அவ இந்த ஊர்ப் பொண்ணு, இந்தக் காலத்துப் பொண்ணு. எனக்கு இன்னும் அந்தப் பேரைச் சொன்னா அறந்தாங்கி வகுப்பு மொத்தமும் திரும்பிப் பாக்கற மாதிரி இருக்கு.

ஆனா என் வெக்கம் அந்தப் பேர்ல இல்ல. பேப்பர் வந்த பிறகுதான் அன்னைக்கு நடந்தது சாமி இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டேன்னு உங்ககிட்ட சொன்னா, அது பச்சைப் பொய். அன்னைக்கே எனக்குத் தெரியும். அன்னைக்கு நான் விழுந்தது என் தப்பு இல்லன்னு டாக்டரம்மா சொன்னாங்க, ஒத்துக்கறேன். மறுநாள் காலையில அக்காவுக்கு ஒரு போன் போடாதது என் தப்பு.

செல்வத்துக்கு அந்தப் பேப்பரைக் காட்டினேன். ரொம்ப நேரம் படிச்சார். அவர் ஏர்கான் ரிப்பேர்காரர், எதையும் கழட்டிப் பாத்துத்தான் நம்புவார்.

"அப்ப அன்னைக்குக் கோயில்ல?"

"இதுதான்."

"சாமி இல்ல?"

"இல்லங்க."

அவர் பேப்பரை மடிச்சு உறையில போட்டார். "வெளிய சொல்லாத மீனா. சாமிய வச்சு வெளையாண்டோம்னு பேசுவாங்க. எங்க அப்பா கட்டின கோயில்லா அது." கோபமா சொல்லல, கெஞ்சினார். நான் என்ன பண்ணியிருப்பேன்னு நீங்களே சொல்லிடுவீங்க.

போன வருசத் திருவிழாவுல எனக்குத் தனி நாற்காலி போட்டு வச்சிருந்தாங்க. தலைவலின்னு கார்லயே இருந்துட்டேன். ஆத்தா இந்த வருசம் கோவமா இருக்காளோன்னு கார் கண்ணாடி வழியா எட்டிப் பாத்து ரெண்டு பேர் கும்பிட்டுட்டுப் போனாங்க. சரோஜா அக்கா கதவைத் திறந்து உக்காந்து, கையில மங்கிப்போன அந்தக் கயிறைக் காட்டினாங்க. "வலி இல்லலா. ஓரத்துல கொஞ்சம் மங்கல், அவ்ளோதான். சொட்டு மருந்தைக் கூட விட்டுட்டேன். எல்லாம் உன் புண்ணியம்." சொல்லிட்டு என் பாதத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. என்னைவிட பதினாறு வயசு மூத்தவங்க. நான் காலை இழுத்துக்கல.

அன்னைக்கு ராத்திரியே ஒரு சீட்டுல "ச.அ." ன்னு எழுதி பிரிட்ஜ்ல ஒட்டினேன். சரோஜா அக்காகிட்ட சொல்லணும்னு அர்த்தம். நாலு நாள்ல அது எனக்குக் கண்ணுலயே படாமப் போச்சு. அது மேல கரண்ட் பில்லு ஒட்டியாச்சு.

5

கவுண்டர்லேர்ந்து வீட்டுக்கு வந்த அன்னைக்குச் சாயந்திரம் அக்கா போன் பண்ணினாங்க.

"மீனா, ஒரு செய்திலா. இடது கண்ணு போயிடுச்சாம். திரும்ப வராதாம். வலது கண்ணும் அதே வழியிலதான் போகுதாம், ஆஸ்பத்திரியில உடனே கத்தி வைக்கணும்னு தேதி குடுக்கறாங்க. நான் ஒத்துக்கல. திருவிழா வருதுல்ல? ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் பாக்கலாம்னுட்டேன்."

நான் "ம்"ன்னேன். போன்ல தலையாட்டறதுக்குப் பேர் அதுதான்.

"நீ தைரியமா இரு, நான் நல்லாத்தான் இருக்கேன்"ன்னு எனக்கு ஆறுதல் சொல்லிட்டு வச்சாங்க.

தர்ஷினி கேட்டுட்டு இருந்தா. அன்னைக்குத்தான் அவகிட்ட முழுசும் சொன்னேன், அக்கா கேட்ட கேள்வியும் நான் ஆட்டின தலையும். அவ வாயைப் பொத்திக்கிட்டா. அப்புறம் ஒரு வழி சொன்னா. "இந்த வருசமும் சாமி வந்த மாதிரி பண்ணுங்க. போய் ஆபரேசன் பண்ணுன்னு ஆத்தாவே சொல்லட்டும். அத்தை கேப்பாங்கல்ல? யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

எனக்கு அது பிடிச்சுப்போச்சு. ரொம்பவே பிடிச்சுப்போச்சு. சொல்ல நாக்கு கூசுது, குளியலறைக் கண்ணாடி முன்னாடி நின்னு முடியை அவிழ்த்துவிட்டுப் பண்ணிப் பாத்தேன். நாக்கைத் துருத்தினேன். கண்ணை உருட்டினேன். "போ! கத்திக்குப் பயப்படாத!"ன்னு குரலைக் கனமாக்கிச் சொல்லிப் பாத்தேன். நல்லா வந்துச்சு. வராம என்ன? ஜனங்க எப்ப சிரிக்கிறாங்களோ அப்ப சிரிச்சு, மூணு எண்ற வரைக்கும் கண்ணைப் பாத்து, அப்புறம் பார்வையைத் தாழ்த்தின்னு முப்பத்தஞ்சு வருசமா நடிச்சவ நான். இந்த வேசம் பெரிய விசயமா எனக்கு?

வெளிய வந்தா செல்வம் கதவுகிட்ட நிக்கிறார். கேட்டிருக்கார்.

"திருவிழாவுக்கு இன்னும் எத்தனை வாரம்?"ன்னார்.

"ஒன்பது."

"கண்ணு ஒன்பது வாரம் தாங்குமா?"

எனக்குத் தெரியல. "அக்காகிட்ட நேர்லயே போய் உண்மையைச் சொல்லிடவா?"ன்னேன். அவர் முகத்தைத் துடைச்சுக்கிட்டார். "நான் கூட வரமாட்டேன். என்னால அக்கா முகத்தப் பாக்க முடியாது. நீ போறதுன்னா போ, தடுக்கல." அவர் அப்படிச் சொன்னதே எனக்குப் பெரிசு.

6

சித்தியவான் பஸ்ல ஏறினேன். தெம்பு எல்லாம் ஆயர் தாவார் வரைக்கும்தான் இருந்துச்சு. அங்க இறங்கிட்டேன். திரும்பிப் போற பஸ் எப்பன்னு பாத்து, நிழற்குடையில உக்காந்து ஒரு மணி நேரம் செம்பனை லாரியை எண்ணினேன். பதினொண்ணு போச்சு. ஈப்போ பஸ் வந்துச்சு, ஏறல. அடுத்தது சித்தியவான் பஸ், அதுல ஏறிட்டேன். துணிச்சல்னு நினைக்காதீங்க. வீட்டுக்குப் போய் தர்ஷினிகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல, அவ்வளவுதான்.

அக்கா சமையக்கட்டுல நெத்திலி ஆஞ்சுட்டு இருந்தாங்க. விரலால தடவித் தடவித் தலையைக் கிள்ளினாங்க. என்னைப் பாத்ததும் ஒரே சந்தோசம். "சொல்லாம வந்துட்ட? இரு, கோப்பி கலக்கறேன்." சுடுதண்ணி பாதி கப்புல, பாதி மேசையில. நான் துடைச்சேன். "கண்ணு இல்லலா, என்ன பண்றது"ன்னு சிரிச்சாங்க.

நான் மனப்பாடம் பண்ணிட்டுப் போனது எல்லாம் மறந்துடுச்சு. வந்ததை வந்த மாதிரி சொன்னேன். ஆட்டிசம்னு சொன்னேன், ஏ.டி.எச்.டி.ன்னு சொன்னேன், உறுமிச் சத்தம்னு சொன்னேன், சத்தம் தாங்காம வீட்டுல காதுல மாட்டிக்கிற சாமானைப் பத்தியும் சொன்னேன். அக்கா நெத்திலியை விடல. "சும்மா இருலா, ஆத்தா வந்தவங்களுக்கு அது ஞாபகம் இருக்காது"ன்னாங்க.

"எனக்கு ஞாபகம் இருக்குக்கா. நீங்க கேட்டது காதுல விழுந்துச்சு. மேளம் திரும்ப அடிச்சுடுவாங்கன்னு பயந்து தலையாட்டினேன். அது ஆத்தா இல்ல."

கை நின்னுச்சு.

"இல்லன்னா?"

"இல்லக்கா. நான்தான்."

குழாய்ல தண்ணி சொட்டிக்கிட்டு இருந்துச்சு. எனக்கு அதுவும் காதைக் குடைஞ்சுச்சு.

"அப்ப நான் அன்னைக்கு யாரு கால புடிச்சேன்?"

"என் கால, அக்கா."

"போன வருசம் கார்ல?"

"அதுவும் என் காலுதான்."

"ரெண்டு வருசமா தெரியும் உனக்கு."

"தெரியும்."

என்னைத் திட்டுவாங்கன்னு எதிர்பாத்தேன். நாலு அறை அறைஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அவங்க எழுந்து கையைக் கழுவிட்டு, மணிக்கட்டுல இருந்த மஞ்சக் கயிறைப் பல்லால கடிச்சு அறுத்து மேசையில வச்சாங்க. அப்புறம் சுவரைத் தடவிக்கிட்டே ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. கூப்பிட்டேன், வரல. மிச்ச நெத்திலியை நான் ஆஞ்சு, கழுவி, பிரிட்ஜ்ல வச்சுட்டுக் வாசக் கதவை இழுத்துச் சாத்திட்டு வந்தேன்.

7

பத்து நாள் போன் இல்ல. நான் பண்ணினாலும் எடுக்கல. செல்வம் பண்ணினதுக்கு மட்டும் எடுத்து, சாப்பிட்டியான்னு கேட்டுட்டு வச்சுட்டாங்களாம்.

பதினோராவது நாள் அவங்களே கூப்பிட்டாங்க. குரல்ல ஈரமே இல்ல. "ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில செவ்வாக்கிழமை தேதி குடுத்திருக்காங்க. மகனுக்கு லீவு கிடைக்கல. கூட ஒரு ஆளு இருக்கணுமாம். நீ வா. காதுல ஏதோ மாட்டிக்குவேன்னியே, அதையும் மாட்டிக்கிட்டு வா. அங்க வந்து விழுந்து வைக்காத."

மாட்டிக்கிட்டுப் போனேன். தர்ஷினி வாங்கிக் குடுத்தது, ரெண்டு காதையும் மூடற பெரிய சாமான். இதுவரைக்கும் வீட்டுக்கு வெளிய நான் அதைப் போட்டதில்ல. கண் வார்டு வெளிய நம்பர் கூப்பிடற மணி, அழற குழந்தைங்க, உரசற செருப்புங்க, எல்லாம் தூரத்துல எங்கயோ கேட்டுச்சு. எதிர்ல இருந்த ஒரு அம்மா என் காதையே உத்துப் பாத்தாங்க. வெக்கமாத்தான் இருந்துச்சு. கழட்டல. விசா ஃபைலை மேசையில விட்டுட்டுப் போன மாதிரி எதையும் விடக்கூடாதுன்னு அக்காவோட அட்டை, ஃபைல், மருந்துப் பை மூணையும் கயிறு போட்டு என் மணிக்கட்டோட கட்டியிருந்தேன்.

அக்கா நான் குடுத்த தண்ணியைக் குடிச்சாங்க. கேட்டதுக்கு மட்டும் பதில். வலது கண்ணுல மருந்து விட்டு, பஞ்சு வச்சு மூடிட்டாங்க. இடது கண்ணு திறந்துதான் இருந்துச்சு, அதுல ஒண்ணும் தெரியாது. நர்ஸ் வந்து சக்கர நாற்காலியில உக்கார வச்சப்போ அக்கா கையை நீட்டித் துழாவினாங்க. நான் காதுல இருந்ததைக் கழட்டிட்டு அந்தக் கையைப் புடிச்சேன். சில்லுன்னு இருந்துச்சு.

"மீனா."

"அக்கா."

"இந்தக் கண்ணாச்சும் தங்கும்ல?"

என் கழுத்து தானா அசையப் பாத்துச்சு. முப்பத்தஞ்சு வருசப் பழக்கம். பல்லைக் கடிச்சு நிறுத்தினேன்.

"தெரியலக்கா. தங்கறதுக்குத்தான் பண்றாங்க. ஆனா தங்கும்னு எனக்குச் சொல்லத் தெரியாது."

அக்கா என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாங்க. அழல. கோபமும் இல்ல. களைச்சுப்போன குரல்.

"இத்தன லேசா வருது உனக்கு. அன்னைக்கும் இதச் சொல்லியிருக்கலாம்லா."

நர்ஸ் நாற்காலியைத் தள்ள ஆரம்பிச்சாங்க. அக்கா இன்னும் என் கையை விடல, பதிலுக்குக் காத்திருக்காங்கன்னு புரிஞ்சுச்சு. தலையாட்டினா அவங்களுக்குத் தெரியாது. வாயைத் திறந்து, "ஆமாக்கா"ன்னேன்.